நோய் அண்டாமல் தொழில் செய்ய

பாலியல் தொழில் செய்யும் பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே காத்துக்கொள்ளத் தேவையான வேலைகளை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. இந்தத் தொழில் சரியா தவறா என்ற பேச்சு இங்கே இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாத தோழிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் கொல்கத்தாவின் சோனாகாச்சி போலவோ மும்பையின் காமாத்திபுரா போலவோ ஒரே தெருவில் எல்லோரும் இருப்பதில்லை. பேருந்து நிலையம், நெடுஞ்சாலை, லாட்ஜ், வாடகை வீடு, இப்போது பெரும்பாலும் செல்போன் என்று தொழில் சிதறிக் கிடக்கிறது. பல பெண்களின் வீட்டுக்கே விஷயம் தெரியாது. அதனால் ஆணுறை தீர்ந்துபோனால் பக்கத்து அறையில் வாங்கிக்கொள்ள முடியாது, ஆள் முரண்டு பிடித்தால் குரல் கொடுக்க அருகில் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே பாதுகாப்பு என்பது அறைக்குள் நுழைவதற்கு முன்பே செய்து முடிக்கவேண்டிய வேலை. ஆகவே பையிலிருந்து தொடங்குவோம்.

கிளம்பும் முன்: பையில் என்ன இருக்கவேண்டும்

1. அன்று எத்தனை பேர் வரக்கூடும் என்று நினைக்கிறீர்களோ, அதைப்போல் இரண்டு மடங்கு உறை. கிழியலாம், கீழே விழலாம், ஒரே ஆள் இரண்டாம் முறை கேட்கலாம்.
2. தண்ணீர் கலவையில் செய்த வழவழப்பு ஜெல். களப்பணி நடத்தும் தொண்டு நிறுவனங்களில் கேளுங்கள், மருந்துக்கடையிலும் வாங்கலாம்.
3. காகிதத் துண்டுகள், ஒரு சிறிய பிளாஸ்டிக் கவர். பயன்படுத்திய உறையை முடிச்சுப் போட்டுச் சுற்றி வைக்க.
4. சார்ஜ் உள்ள போன், வீடு திரும்பும் அளவுக்குத் தனியாக ஒளித்து வைத்த பணம்.

அரசு இலவசமாகத் தரும் உறை மட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதுவும் தரச் சோதனை செய்து வருவதுதான். கெடுவது பெரும்பாலும் நாம் வைக்கும் இடத்தால். ஜாக்கெட்டுக்குள் நாள் முழுக்கச் செருகி வைத்த உறை வியர்வையிலும் உடம்புச் சூட்டிலும் பலம் இழக்கும். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியும் அப்படியே. ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பைக்குள் வையுங்கள்.

*குறிப்பு:* காலாவதித் தேதி படிக்க வராதவர்கள், உறை வாங்கும் அன்றே களப்பணி அக்காவிடம் கேட்டு, பழையதைத் தனியே எடுத்து எறிந்துவிடுங்கள்.

உறை போடும் வரிசை

பத்து வருடம் தொழிலில் இருப்பவர்களும் இதில் ஒரு படியைத் தாண்டிப் போவதுண்டு. உறை கிழிவது பெரும்பாலும் அந்தத் தாண்டிய படியால்தான்.

1. பொட்டலத்தை விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்று இருப்பது தெரியவேண்டும். தட்டையாகக் கிடந்தால் வேண்டாம்.
2. ரம்பப் பல் போலிருக்கும் ஓரத்தில் கையால் கிழியுங்கள். பல்லால் கடிக்காதீர்கள், கத்தரி வைக்காதீர்கள். நீண்ட நகம், மோதிரம் இரண்டிலும் கவனம்.
3. ஆணுறுப்பு முழுதாக விறைத்த பிறகே போடவேண்டும். எந்த உரசலும் தொடங்குவதற்கு முன் போட்டாகவேண்டும். ‘கடைசியில் போட்டுக்கொள்கிறேன்’ என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். விந்து வரும் முன் கசியும் நீரிலும் கிருமி இருக்கும், மேல்தோல் பட்டாலே சில நோய்கள் தொற்றும்.
4. நுனியை இரு விரலால் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் அந்த இடத்தில் வெடிக்கும்.
5. நுனியை விடாமல் அடிவரை உருட்டுங்கள். உருளவில்லை என்றால் திருப்பி வைத்துவிட்டீர்கள். அதையே புரட்டிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.
6. வெளிப்பக்கம் ஜெல் தடவுங்கள்.
7. முடிந்ததும் விறைப்பு குறையும் முன்பே, உறையின் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் படியில்தான் உறை நழுவி உள்ளே தங்குகிறது.
8. முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும், லாட்ஜ்காரரோடு சண்டை வரும்.

ஒரு நாளில் பலர் வந்தால் பிறப்புறுப்பு வறண்டுவிடும். வறட்சி இருந்தால் சிராய்ப்பு வரும், உறையும் கிழியும். ஜெல் ஆடம்பரப் பொருள் என்று நினைக்கவேண்டாம். ஜெல் இல்லாத நேரத்தில் தேங்காய் எண்ணெய், வாஸலின், முகக் கிரீம் எதையும் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்டால் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலவீனமாகிவிடும். இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் தவறு. இரண்டும் உரசிக் கிழியும்.

பின்வழிப் புணர்ச்சியில் சதை மெல்லியது, எளிதில் கிழியும், எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து முன்வழியைவிட அதிகம். விருப்பம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டால் புது உறை, நிறைய ஜெல். அங்கிருந்து முன்வழிக்கு மாறினால் உறையை மாற்றியே ஆகவேண்டும். வாய்வழியில் எச்.ஐ.வி. ஆபத்து குறைவு, ஆனால் மேகவெட்டை (கொனோரியா), கிரந்தி (சிபிலிஸ்), கொப்புள நோய் (ஹெர்பிஸ்) மூன்றும் தொற்றும். அதற்கும் உறை வேண்டும். அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பல் துலக்காதீர்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

ஆணை நம்பியிருக்கத் தேவையில்லாத ஒன்று பெண்ணுறை. கஸ்டமர் வருவதற்கு முன்பே உள்ளே பொருத்திக்கொள்ளலாம். குடித்துவிட்டு வருகிறவரிடம் இது பெரிய உதவி. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தால் இரண்டு மூன்று முறை தனியாகப் பொருத்திப் பழகிய பின் தொழிலில் பயன்படுத்துங்கள். ஆணுறையையும் பெண்ணுறையையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது.

போட மாட்டேன் என்கிறவரிடம்

பேச்சு எப்போது நடக்கிறது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆடையைக் களைந்த பிறகு பேரம் பேசினால் பலம் அவர் பக்கம். போனில் விலை பேசும்போதே ‘உறை உண்டு’ என்பதையும் விலையோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். புரோக்கர் வழியாக வந்தால் புரோக்கரைச் சொல்லவையுங்கள். பணத்தை முதலில் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் வழக்கமாக வரும் பேச்சும், சொல்லிப் பார்க்கத்தக்க பதிலும் இவை:

“போட்டா சுகமே இருக்காதுங்க.”
“இது மெல்லிசு. நானே போட்டு விடறேன் பாருங்க. போட்டா ரொம்ப நேரம் தாங்கும்.”

“எனக்கு ஒரு நோயும் இல்ல.”
“உங்களுக்கு இருக்குன்னு நான் சொல்லலையே. எனக்கு இருந்தா அது உங்க வீட்டுக்குப் போகும், உங்க சம்சாரத்துக்குப் போகும். அதுக்குத்தான்.”

“ஐந்நூறு கூட வச்சுக்கோ.”
“இந்த எடத்துல எல்லாருக்கும் இதான் சட்டம். மீறினா என்னை வெளிய அனுப்பிடுவாங்க.”

கடைசிப் பதில்தான் மற்றவற்றைவிட வலுவானது. மறுப்பது நீங்கள் இல்லை, இடத்தின் விதி மறுக்கிறது என்றால் கஸ்டமரின் கோபம் உங்கள்மேல் குறைவாகவே திரும்பும். கூடுதல் பணம் தருகிறேன் என்கிறவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உங்களிடம் உறையில்லாமல் வருகிறவர் நேற்று வேறொருத்தியிடமும் அப்படித்தான் போயிருப்பார்.

எல்லாம் சொல்லியும் கேட்கவில்லை, வெளியேறவும் வழியில்லை என்ற நிலை வரும். அப்போது உயிருக்கே முதலிடம். கையாலோ தொடையிடுக்கிலோ முடித்து அனுப்பப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் ஜெல் தடவிக்கொள்ளுங்கள், சிராய்ப்பாவது குறையும். பின்வழியைத் தவிருங்கள். பிறகு கீழே ‘உறை கிழிந்தால்’ பகுதியில் உள்ளதைச் செய்யுங்கள். இப்படி நடந்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் மிகவும் வருந்துவது இந்த வெட்கத்தால் வீணாகும் நாள்களுக்காகத்தான்.

*குறிப்பு:* நடுவில் ரகசியமாக உறையைக் கழற்றிவிடும் ஆள்கள் உண்டு. விளக்கை முழுதும் அணைக்க விடாதீர்கள். இடையிடையே கையால் தொட்டுப் பார்க்கும் நிலையில் இருங்கள்.

எல்லோரும் சேர்ந்து ஒரு விதி

ஒரு பெண் மட்டும் உறை கேட்டால், கஸ்டமர் அடுத்த பெண்ணிடம் போவார். எல்லோரும் கேட்டால் போவதற்கு வேறு இடம் இருக்காது. கொல்கத்தா சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா 1992-இல் தொடங்கிய திட்டம் இந்த வழியில்தான் வேரூன்றியது. அங்கே தொழில் செய்யும் பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் மற்றப் பெண்களிடம் பேசினார்கள். தொழில் நடக்கும் வீட்டை நடத்துபவர்களிடமும் பேசினார்கள். பின்னர் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். மிகக் குறைவாக இருந்த உறைப் பயன்பாடு சில ஆண்டுகளில் பெரும்பாலானவர்களின் வழக்கமானது.

நம் ஊரில் ஒரே தெரு இல்லாவிட்டாலும் ஒரே பேருந்து நிலையம் இருக்கிறது, ஒரே புரோக்கரின் போன் பட்டியல் இருக்கிறது. நான்கைந்து பேரில் தொடங்குங்கள். மூன்று விஷயத்தில் மட்டும் உடன்பாடு போதும்: உறையில்லாமல் யாரும் போவதில்லை, அதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை, அடித்த ஆளின் அடையாளத்தையும் எண்ணையும் மற்றவர்களுக்குச் சொல்வது.

உறை கிழிந்தால்: நேரப்படி

*அந்த நிமிடம்:* நிறுத்துங்கள். எழுந்து சிறுநீர் கழியுங்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். உள்ளே விரல்விட்டோ தண்ணீர் பீச்சியோ கழுவாதீர்கள், கிருமியை இன்னும் உள்ளே தள்ளுவதாகிவிடும். உறைத் துண்டு உள்ளே தங்கியிருந்தால் குத்தவைத்து உட்கார்ந்து, சுத்தமான விரலால் மெல்ல எடுங்கள். வரவில்லையென்றால் மருத்துவமனை.

*சில மணி நேரத்துக்குள்:* அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையத்துக்கோ போய், நடந்ததைச் சொல்லி எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் போடவேண்டும். வயிற்றைப் புரட்டுகிறது என்று நடுவில் விட்டுவிட்டவர்கள் உண்டு. விடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு வழி சொல்வார்.

*மூன்று நாளுக்குள்:* கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை. இதுவும் முதல் நாளே போட்டால் நல்லது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. தேவைப்படும் நாளில் அலையாமல், முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கும், ஆனால் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தவேண்டும்.

*பிறகு:* எச்.ஐ.வி.க்கும் கிரந்திக்கும் உடனே ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று. தொற்றிய சில வாரங்கள்வரை சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால்தான் இரண்டு முறை.

தமிழ்நாட்டில் இரண்டு பிள்ளை பெற்றதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நிறைய. ‘எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே, உறை எதற்கு’ என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது. ஆபரேஷன் கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும்.

வீட்டுக்காரரிடமும் நிரந்தரமாக வருகிறவரிடமும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

புதிதாக வரும் கஸ்டமரிடம் உறை போடும் பெண்களில் பலர் கணவரிடமோ, பிரியமாக வந்துபோகிறவரிடமோ போடுவதில்லை. காரணம் எளிது. உறை தொழிலுக்கு, வெறும் உடம்பு அன்புக்கு என்று மனம் கோடு போட்டுக்கொள்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டச் சொன்னால் ‘என்னையும் அவனுங்க மாதிரி நினைக்கிறியா’ என்று அவர் கேட்பார். அந்த வலி உண்மையானது. ஆனால் அவர் வேறு பெண்களிடம் போகிறவராக இருக்கலாம், ஊசியால் போதை ஏற்றுகிறவராக இருக்கலாம், எந்த அறிகுறியும் இல்லாமல் தொற்றோடு இருக்கலாம். தொழிலில் உங்களுக்கு வந்த தொற்று அவருக்கும் போகலாம். அன்பாக இருப்பவரிடம் மாதம் முழுதும் உறவு உண்டு. ஒருமுறை வந்துபோகிற பத்துப் பேரைவிட அந்த ஓர் ஆளால் வரும் ஆபத்து பெரிதாகிவிடலாம்.

என்ன செய்யலாம்?

தொழில் தெரிந்தவராக இருந்தால் நேராகப் பேசுங்கள்: “எனக்கு ஏதாச்சும் வந்தா உனக்கு வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்.” சந்தேகப்படுகிறேன் என்று தொடங்காமல் காப்பாற்றுகிறேன் என்று தொடங்குங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருவரும் சேர்ந்து பரிசோதித்துக்கொள்வது இன்னும் நல்லது.

தொழில் தெரியாத கணவர் என்றால் கதை வேறு. திடீரென்று உறை கேட்டால் சந்தேகம் வரும், அடி விழலாம். ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள் ‘மாத்திரை ஒத்துக்கலை, டாக்டர் இதைத்தான் சொன்னாங்க’ என்று சொல்லலாம். ஆபரேஷன் ஆனவர்கள் ‘வெள்ளைப்படுது, புண் ஆறுறவரைக்கும் உறை போடச் சொல்லியிருக்காங்க’ என்று மருத்துவர்மேல் சாட்டலாம். மருத்துவமனையிலிருந்தே உறையைக் கையில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சொல்லுக்கு எடை கூடும். இதுவும் முடியாது என்றால் வெளியே ஒருமுறைகூட உறையை விடக்கூடாது. பரிசோதனை நாளையும் தள்ளிப்போடக்கூடாது.

கழுவுவது, மாதவிலக்கு நாள்கள்

ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் சோப்பு, டெட்டால், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் என்று உள்ளே கழுவும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சுத்தத்துக்காகச் செய்யும் இது நோயை அழைத்து வருகிறது. பிறப்புறுப்புக்குள் இயற்கையாகவே புளிப்புத் தன்மையும் நல்ல கிருமிகளும் உண்டு. வீட்டுக் கதவில் நிற்கும் காவல்காரரைப் போல அவை மற்றக் கிருமிகளைத் தடுக்கின்றன. டெட்டால் ஊற்றினால் முதலில் சாவது அவைதான். பிறகு நாற்றம், அரிப்பு, வெள்ளைப்படுதல் எல்லாம் வரும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும். வெளிப்புறத்தை மட்டும் தண்ணீரால் கழுவுங்கள், மலங்கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.

மாதவிலக்கு நாளில் வருமானம் போகிறதே என்று பஞ்சையோ ஸ்பாஞ்ச் துண்டையோ உள்ளே வைத்துத் தொழில் செய்பவர்கள் உண்டு. ஓய்வெடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாதவர்கள், அந்த நாள்களில் உறையில் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள். ரத்தத்தின் வழியாகத் தொற்று எளிதில் போகும், வரும். உள்ளே வைத்ததை வேலை முடிந்ததும் எடுத்தீர்களா என்று பாருங்கள். மறந்துபோனால் அது இரண்டு மூன்று நாள் உள்ளேயே கிடந்து, காய்ச்சலோடு மருத்துவமனைக்கு ஓடவேண்டி வரும்.

பரிசோதனை: எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை

பெண்களுக்குப் பால்வினை நோய் வந்தாலும் பல நேரம் ஒன்றும் தெரியாது. மேகவெட்டை பெரும்பாலான பெண்களிடம் சத்தமில்லாமல் இருக்கும், கருக்குழாயையும் கெடுக்கலாம். கிரந்திப் புண் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறிவிடும். புண் ஆறியது, நோய் போகவில்லை. வருடங்கள் கழித்து இதயத்தையும் நரம்பையும் பிடிக்கலாம், கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கொல்லலாம். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல் நாள் குறித்துப் போகவேண்டும்.

1. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ என்ற பெயரில் இருக்கும் பிரிவு இதற்கானது. இலவசம்.
2. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., கிரந்தி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. நம்பிக்கை மையத்தில் இதுவும் இலவசம்.
3. மஞ்சள் காமாலை பி வகைக்குப் பரிசோதனை. தொற்று இல்லையென்றால் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து.
4. 30 வயதைத் தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே போகவேண்டிய நிலைகள்: நிறம் மாறிய அல்லது நாறும் வெள்ளைப்படுதல், புண், கொப்புளம், மரு, தொடையிடுக்கில் கட்டி, சிறுநீர் எரிச்சல், உறவின்போது வலி அல்லது ரத்தம், காய்ச்சலோடு அடிவயிற்று வலி. கடைசியில் சொன்னது கருக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால் கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுகவாழ்வு மையத்தில் மருந்தை நிறப் பெட்டியில் தருவார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, வலியில்லாப் புண்ணுக்கு வெள்ளை, கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். இங்கே நடக்கும் பெரிய தவறு, ‘உனக்கும் அதேதானே’ என்று தோழியின் பெட்டியை வாங்கிப் போட்டுக்கொள்வது. வெள்ளைப்படுதல் ஒன்றாகத் தெரியும், காரணம் வேறாக இருக்கும். அரைகுறை மருந்தால் கிருமி பழகிப்போய் அடுத்த முறை அதே மருந்து கேட்காது. மருந்துக்கடையில் வாங்கும் இரண்டு மாத்திரைக்கும் இதே பதில்தான். வெள்ளைப்படுதலுக்குத் தரும் மருந்து போடும் நாள்களில் குடிக்காதீர்கள், வாந்தியும் படபடப்பும் வரும். கூட இருப்பவருக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். அவர் போடாவிட்டால் நோய் உங்களிடமே திரும்பி வரலாம்.

மருத்துவரிடம் தொழிலைச் சொல்லவேண்டுமா? சொன்னால் சிகிச்சை சரியாக அமையும். கூச்சமாக இருந்தால் ‘எனக்குப் பலரோடு உறவு உண்டு’ என்பது மட்டும் போதும். வாய்வழி, பின்வழி உண்டென்றால் அதையும் சொல்லவேண்டும், அப்போதுதான் அந்த இடத்தையும் பார்ப்பார்கள்.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் கட்டாயம். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில். அந்த ரத்தம் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழில் செய்த பெண்களுடையது. நாடு விழித்துக்கொள்ள உதவிய அந்தப் பெண்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இன்று உங்களுக்குச் சட்டமாக இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, முடிவை மற்றவருக்குச் சொல்லக்கூடாது, சிகிச்சை மறுக்கக்கூடாது என்கிறது.

*தினசரித் தடுப்பு மாத்திரை:* எச்.ஐ.வி. இல்லாதவர்கள் தினமும் ஒன்று போட்டால் தொற்றாமல் காக்கும் மாத்திரை இருக்கிறது. மருத்துவர் பரிசோதித்த பிறகே தொடங்கவேண்டும். தொடங்கிய முதல் மூன்று வாரம் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். கிரந்தி, மேகவெட்டை, கர்ப்பம் எதையும் இது தடுக்காது, ஆகவே உறை தொடரவேண்டும்.

முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

அன்று எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்யுங்கள். 2017 முதல் இந்தியாவில், உடம்பு எப்படி இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் மருந்து தொடங்குகிறார்கள். மருந்து இலவசம். ஒழுங்காகப் போட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும், அந்த நிலையில் உறவின் வழி மற்றவருக்குத் தொற்றாது. சளி, இருமல் இருந்தால் காசநோய்க்கும் பரிசோதியுங்கள்.

பிள்ளை பெற முடியுமா என்று கேட்பார்கள். முடியும். மருந்தே இல்லாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தாயும் குழந்தையும் மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. கர்ப்பம் வேண்டாம் என்றாலும் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, அரசு மருத்துவமனைக்கே போங்கள். நாட்டு மருந்தும் மருந்துக்கடை மாத்திரையும் உதிரப்போக்கில் கொண்டுபோய் விடும்.

போலீஸ், அடி, வன்முறை

பையில் உறை இருப்பதை வைத்து மிரட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், பாலியல் தொழிலாளர்கள் தங்கள் உடல்நலத்துக்காக வைத்திருக்கும் உறையைக் குற்றமாகவோ குற்றத்தின் சாட்சியாகவோ கொள்ளக்கூடாது என்ற பரிந்துரை ஏற்கப்பட்டிருக்கிறது. பொது இடத்தில் ஆள் அழைப்பதும் பாலியல் தொழில் விடுதி நடத்துவதும் இன்னும் சட்டப்படி குற்றம்தான், அதனால் தெருவில் வாக்குவாதத்தை வளர்க்காமல் வழக்கறிஞரை நாடுங்கள். பயந்துபோய் உறையை மட்டும் வீசி எறிந்துவிட்டுத் தொழிலுக்குப் போகாதீர்கள்.

வன்புணர்வு நடந்தால், தொழில் செய்பவர் என்பதால் அது குற்றமில்லாமல் போய்விடாது. வரிசை இது:

1. பத்திரமான இடத்துக்குப் போங்கள், நம்பும் ஒருவரை அழையுங்கள்.
2. குளிக்காமல், அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் புகார் இல்லாமலே சிகிச்சை தர மருத்துவமனை கடமைப்பட்டது. புகார் தருவதைப் பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.
3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, கருத்தடை மாத்திரை, பால்வினை நோய் மருந்து மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரக் கணக்கு முன்னே சொன்னதுதான்.

வற்புறுத்தலால் தொழிலில் வைக்கப்பட்டிருந்தால் 181-ஐ அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றி எந்தக் கேள்விக்கும் 1097, கட்டணம் இல்லை, பெயர் சொல்லத் தேவையில்லை. வீட்டில் போனைப் பார்ப்பார்கள் என்றால் இந்த எண்களை ‘கேஸ் கம்பெனி’, ‘ரேஷன் கடை’ என்று வேறு பெயரில் பதிந்து வையுங்கள். மருத்துவமனைச் சீட்டைக் களப்பணி அக்காவிடம் கொடுத்து வைக்கலாம், அடுத்த பரிசோதனை நாளை அவரே நினைவுபடுத்துவார்.